கீழ்ப்பாக்கத்துக்கு மேற்கே

எங்கள் அம்பத்தூர்ப் பக்கத்தில் ஒருவன் சற்று விபரீதமாகப் பேசிவிட்டால், "இவனைக் கீழ்ப்பாக்கத்துக்கு பஸ் ஏற்றிவிடுங்கப்பா" என்பார்கள். சொல்கிறவரும் சிரிப்பார், கேட்கிறவரும் சிரிப்பார். நானும் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறேன். என் கதை ஒன்றில் அந்த வசனத்தை ஒரு பாத்திரத்தின் வாயில் போட்டு, அதற்காக நாலு வாசகர்களிடம் பாராட்டுக் கடிதம்கூட வாங்கியிருக்கிறேன்.

ஓர் ஊரின் பெயர் ஒரு வியாதியின் பெயராக மாறிப்போவது நமக்கு மட்டும் உரிய வழக்கமல்ல. இலங்கைத் தமிழர்கள் அங்கொடை என்பார்கள். கோழிக்கோட்டுக்காரர்களுக்குக் குதிரவட்டம். வடக்கே போனால் ராஞ்சி, ஆக்ரா. லண்டன்காரர்கள் பெத்லஹேம் ஆஸ்பத்திரியின் பெயரை 'பெட்லம்' என்று சிதைத்து, பிற்பாடு கூச்சலும் குழப்பமுமான எந்த இடத்துக்கும் அதையே பெயராக வைத்துவிட்டார்கள். பாவம், கீழ்ப்பாக்கம்! அங்கே நல்ல பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. நிழல் தரும் மரங்களும் பெரிய மனிதர்களின் பங்களாக்களும் இருக்கின்றன. இருந்தும் என்ன? அந்த ஊரில் வீடு கட்டியவரும் விலாசம் சொல்லும்போது ஒரு புன்சிரிப்பைச் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் எழுத வந்தது ஊர்ப் பெயரைப் பற்றி அல்ல. அந்த ஆஸ்பத்திரிக்குப் பதினேழு வருஷ காலம் தலைமை வகித்துவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு அங்கிருந்து மேற்கே சில மைல் தள்ளி வந்து, எங்கள் புறநகர் தொடங்குகிற இடத்தில் இன்னொரு வேலையைத் தொடங்கிய ஓர் அம்மாளைப் பற்றி. டாக்டர் சாரதா மேனன் என்று பெயர். அவரைப் பற்றி எழுத எனக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். நான் வைத்தியன் அல்ல. ஆனால், என் பதினாலாவது வயதில், என் கையெழுத்தில் ஒரு பாவம் செய்திருக்கிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் பழங்கதை.

1794-ஆம் வருஷம், கிழக்கிந்தியக் கம்பெனியின் வைத்தியர் வாலன்டைன் கனோலி என்பவர் புரசைவாக்கத்தில் சித்தம் கலங்கியவர்களுக்காக ஒரு வீட்டை ஏற்படுத்தினார். பதினாறு பேர் தங்கக்கூடிய இடம். கம்பெனியார் அதற்கு வாடகை கொடுத்தார்கள். அதாவது, வைத்தியருக்கு அது தர்மமாகவும் இருந்தது, வியாபாரமாகவும் இருந்தது. பிற்காலத்தில் அந்த வீடு கைக்குக் கை மாறியபோதும் வைத்தியத்தோடு கூடவே வியாபாரமும் கை மாறியது. இதே காலத்தில், பாரிஸ் நகரத்தில் பினேல் என்ற டாக்டர் பைத்தியக்காரர்களின் சங்கிலியை அவிழ்த்தார் என்று சரித்திரப் புத்தகங்கள் சொல்லும். படம்கூட வரைந்து மாட்டியிருக்கிறார்கள். உண்மையில், முதலில் சங்கிலியை விலக்கியவர் பூஸான் என்ற வார்டு கண்காணிப்பாளர். படிப்பில்லாதவர், அந்த ஆஸ்பத்திரிக்கே ஒரு காலத்தில் நோயாளியாக வந்து, குணமாகி, அங்கேயே வேலையில் அமர்ந்தவர். 1797-இல் அவர் செய்ததைப் பார்த்துத்தான் பினேல் தாமும் பின்னர் வேறோர் ஆஸ்பத்திரியில் அப்படிச் செய்தார். டாக்டரின் பெயர் நிலைத்தது. கண்காணிப்பாளரின் பெயரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. சரித்திரத்தில் இது புதிதா என்ன?

1871-இல் சென்னையின் ஆஸ்பத்திரி கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டம் என்ற விஸ்தாரமான இடத்துக்குக் குடிபெயர்ந்தது. குடிபோனபோது நோயாளிகள் 145 பேர். அதன் பிறகு வருஷத்துக்கு வருஷம் கூட்டம் பெருகிற்று, கட்டடங்கள் பெருகின. 1922-இல் 'பைத்தியக்கார விடுதி' என்ற பெயரை எடுத்துவிட்டு, 'அரசாங்க மனநோய் மருத்துவமனை' என்று மாற்றினார்கள். பெயரை மாற்றினார்களே ஒழிய, உள்ளே நடத்திய சட்டம் 1912-ஆம் வருஷத்து இந்திய லூனசிச் சட்டம்தான். அந்தச் சட்டத்தின்படி ஒருவரை உள்ளே சேர்ப்பதென்றால், பெரும்பாலும் மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். திருடனைச் சிறைக்கு அனுப்புகிற அதே மாஜிஸ்திரேட்! ஆக, அந்தக் கட்டடம் பாதி ஆஸ்பத்திரி, பாதி ஜெயில். உள்ளே போகிற கதவு மட்டும் அகலமாக இருந்தது.

இந்த ஆஸ்பத்திரிக்குத்தான் 1959-இல் சாரதா மேனன் வந்து சேர்ந்தார்.

அவர் பிறந்தது 1923-ஆம் வருஷம் ஏப்ரல் 5-ஆம் தேதி, மங்களூரில். மலையாளக் குடும்பம், தகப்பனார் நீதிபதி. நீதிபதிக்கு மாற்றலாகிக் குடும்பம் சென்னைக்கு வந்தது. பெண் இங்கேயே படித்து, பெண்கள் கிறிஸ்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் 1951-இல் டாக்டரானார். டில்லி இர்வின் ஆஸ்பத்திரியில் பயிற்சி. பெங்களூரில் 1954-இல் அகில இந்திய மனநல நிலையம் என்று ஒன்று ஏற்பட்டிருந்தது. இன்று நிம்ஹான்ஸ் என்று எல்லாரும் அறிந்திருக்கிற ஸ்தாபனத்தின் முற்பிறவி அது. அங்கே போய் மனநோய் வைத்தியம் கற்றார். அந்த நாளில் லேடி டாக்டர் என்றால் பிரசவம் பார்க்கிறவர் என்றுதான் ஜனங்களின் எண்ணம். ஒரு பெண் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு, அதுவும் தானாக விரும்பி, வேலைக்குப் போவது உறவினர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் கற்பனை செய்து பார்ப்பதுண்டு. இந்தியாவின் முதல் பெண் மனநோய் மருத்துவர் என்று அவரைச் சொல்வார்கள். முதலாமவரா, முதல் சிலரில் ஒருவரா என்ற வழக்கில் நான் தலையிட விரும்பவில்லை. 1961-இல் அந்த ஆஸ்பத்திரிக்கு சூபரின்டென்டென்ட் ஆனார் என்பதும், 1978 வரையில் அந்த நாற்காலியில் இருந்தார் என்பதும், அவ்வளவு நீண்ட காலம் அங்கே தலைமை வகித்தவர் வேறு யாருமில்லை என்பதும் போதும்.

அவர் நல்ல நேரத்தில் வந்தார் என்றும் சொல்ல வேண்டும். 1952-இல் பாரிஸில் டிலே, டெனிக்கர் என்ற இரண்டு டாக்டர்கள் குளோர்புரோமஸைன் என்ற மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். லார்காக்டில் என்ற பெயரில் அது உலகமெல்லாம் பரவிற்று. அதுவரையில் வைத்தியர்களிடம் இருந்தவை மின்சார அதிர்ச்சி, இன்சுலின் ஊசி போட்டு மயங்க வைத்தல், இல்லாவிட்டால் பூட்டு. மாத்திரை வந்த பிறகு, காதில் கேட்ட குரல்கள் மங்கின. வருஷக்கணக்காகச் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவர், "எங்கள் ஊரில் இந்த வருஷம் மழை உண்டா?" என்று கேட்கத் தொடங்கினார்.

இனிமேல் என்ன? நோய் தணிந்துவிட்டது, வீட்டுக்குப் போகலாம். இங்கேதான் வைத்திய சாஸ்திரம் முடிந்து வேறொன்று ஆரம்பமாகிறது. வீட்டுக்காரர்கள் வரவில்லை. கடிதம் போட்டால் பதில் வரவில்லை. சில விலாசங்களில் அப்படி ஒரு வீடே இல்லை.

இதைப் படிக்கிறபோதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் அத்தை, அப்பாவுக்கு நேர் இளையவள், பூந்தமல்லியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அந்த நாளில் அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லிக்குப் போவதென்றால், ஏரிக்கரையும் வயலும் தோப்பும் தாண்டிப் போக வேண்டும். அத்தை வீட்டுக்குப் போனால் மல்லிகைப் பூவும் வேர்க்கடலை உருண்டையும் கட்டிக் கொடுத்து அனுப்புவாள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அவளுக்குக் காதில் யாரோ பேசுவது கேட்டது. ராத்திரி எழுந்து வாசலில் போய் நின்று பதில் சொன்னாள். மாமாவின் வீட்டார் ஒரு தீபாவளிக்கு அவளைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் விட்டார்கள். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போனார்கள். அத்தையைக் கூட்டிப் போக யாரும் வரவே இல்லை. இரண்டு வருஷத்தில் மாமாவுக்கு வேறு கல்யாணமும் நடந்தது.

பாட்டி குணசீலத்துக்கு அழைத்துப்போய் ஒரு மண்டலம் இருந்துவிட்டு வந்தாள். திருவேற்காட்டு அம்மனுக்கு விளக்குப் போட்டாள். அதனால் பாட்டியின் மனசுக்குத் தெம்பு வந்தது என்பதை நான் மறுக்க மாட்டேன். அத்தைக்குக் குரல்கள் நிற்கவில்லை. 1967-இல், வெளியூரில் ஒரு மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்ப்பதென்று அப்பா தீர்மானித்தார். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை. இது எங்கள் வீட்டின் கதை. எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும், இங்கிலீஷும் வரும் என்று என்னையும் கூட்டிப்போனார். படிவத்தை நான்தான் பூர்த்தி செய்தேன். பெயர், வயது, எல்லாம் சரியாகச் சொன்னார். விலாசம் என்ற இடம் வந்ததும் ஒரு கணம் நிறுத்தினார். பிறகு, பாடியில் ஏதோ ஒரு தெருவின் பெயரையும் ஒரு கதவு நம்பரையும் சொன்னார். நான் நிமிர்ந்து பார்த்தேன். "எழுதுடா" என்றார். எழுதினேன். அத்தை பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து என் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் அப்பா கொடியவர் அல்ல. சைக்கிள் தொழிற்சாலையில் ஃபிட்டர். 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாநாடு நடந்து, சோஷலிஸ பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டார்களே, அதற்கு என்னை இரண்டு வயதுக் குழந்தையாகத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தே போனவர். அதைக் கடைசி வரையில் பெருமையோடு சொல்லுவார். அவருக்கு இன்னும் இரண்டு தங்கைகள் கல்யாணத்துக்கு இருந்தார்கள். 'பைத்தியம் பிடித்த குடும்பம்' என்று தெருவில் பேர் வந்துவிட்டால் அவர்கள் கதி என்ன என்று பயந்தார். சமுதாயத்தைப் பற்றிப் போட்ட தீர்மானம் எதிலும் அந்த பயத்துக்குப் பரிகாரம் சொல்லியிருக்கவில்லை.

மூன்று வருஷம் கழித்து, 1970-இல் ஒரு நாள் சாயங்காலம், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓர் இளம் பெண் எங்கள் வாசலில் வந்து நின்றாள். அந்த ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளர். அத்தைக்கு உடம்பு தேறி வெகு நாளாகிவிட்டதாம். போட்ட கடிதம் எல்லாம் திரும்பி வந்ததாம். அத்தை என்னவோ ஆரம்பத்திலிருந்தே, "எங்க வீடு பாடி இல்லை, அம்பத்தூர். ஸ்டேஷனுக்கு அந்தாண்ட, புளியமரத்துப் பக்கம்" என்று சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். படிவத்தில் ஒன்று இருக்கிறது. நோயாளி வேறொன்று சொல்கிறாள். யாரை நம்புவார்கள்? அதையும் நோயின் ஒரு குணமாகக் குறித்து வைத்துக்கொண்டார்கள். புதிதாக வேலைக்கு வந்த இந்தப் பெண் மட்டும், 'ஒருவேளை இவள் சொல்வது நிஜமாக இருந்தால்?' என்று நினைத்து ரயில் ஏறி வந்துவிட்டாள். பாட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்பா கொல்லைப்புறம் போய்விட்டார்.

சாரதா மேனனின் பெருமை என்னவென்று எனக்குப் படுவது இந்த இடத்தில்தான். அவர் கீழ்ப்பாக்கத்தில் புற நோயாளிப் பிரிவை வளர்த்தார். உள்ளே பூட்டப்படாமலே வைத்தியம் செய்துகொண்டு வீட்டுக்குப் போகலாம் என்றால், விலாசம் தொலைவதற்கே இடமில்லை அல்லவா? குடும்பத்தாரையும் தர்ம ஸ்தாபனங்களையும் வாசலுக்கு உள்ளே அழைத்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் ஆஸ்பத்திரிக்குள்ளேயே தொழில் பயிற்சி நிலையம் ஒன்று ஏற்பட்டது. நோயாளிகள் ரொட்டி சுட்டார்கள், துணி நெய்தார்கள். வேலைக்குச் சிறு ஊதியமும் உண்டு. ரொட்டி சுடுவதற்கும் மனநோய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்கள், ஆறு மாதம் சம்பளமில்லாமல் வீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வீட்டில் ஒரு மனிதனுக்கு இருக்கிற இடம், அவன் மாதம் முதல் தேதி கொண்டுவருகிற காசைப் பொறுத்தது என்ற கசப்பான விஷயத்தை நாம் எல்லாரும் அறிவோம். நோயாளி மட்டும் அறியமாட்டானா?

1978-இல் ஓய்வு. சர்க்கார் உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவர்கள் பேரன் பேத்திகளோடு இருப்பார்கள், கச்சேரி கேட்பார்கள், காசி ராமேசுவரம் போவார்கள். இவர் 1984-இல், அறுபத்தொன்றாவது வயதில், 'ஸ்கார்ஃப்' என்ற ஸ்கிஸோஃப்ரினியா ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தார். கூட நின்றவர்களில் முக்கியமானவர் டாக்டர் ஆர். தாரா, பின்னால் வெகு காலம் அதன் இயக்குநராக இருந்தவர்.

நிறுவனம் நிலைகொண்ட இடம் அண்ணாநகர் மேற்கு விரிவாக்கம். அந்தப் பெயரைக் கேட்டு யாரும் பழைய சென்னை என்று எண்ணிவிட வேண்டாம். 1968-இல் உலக வர்த்தகப் பொருட்காட்சி நடக்கிற வரையில் அந்தப் பிரதேசம் முழுவதும் நடுவக்கரை முதலான கிராமங்கள். பொருட்காட்சிக்காகக் கட்டிய கோபுரத்தைப் பார்க்க நாங்கள் அம்பத்தூரிலிருந்து கும்பலாகப் போயிருக்கிறோம். கோபுரத்தின் மேலேறி மேற்கே பார்த்தால் கண்ணுக்கு எட்டிய மட்டும் வயல். அதற்கு அப்பால் பாடியின் புகைபோக்கிகள். 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை வந்தது. தென்னாற்காட்டிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வேலை தேடி ஜனங்கள் வந்து, ஒற்றை அறைகளில் குடியேறினார்கள். ஊரில் என்றால் சித்தம் கலங்கியவனுக்குத் திண்ணை உண்டு. நாலு வீட்டுச் சோறு உண்டு. ஒற்றை அறைக்கு ஏது திண்ணை? வியாதிக்கு வைத்தியசாலை வேண்டிய இடம் என்று பார்த்தால், எங்கள் மேற்குப் பக்கத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைத்திருக்காது.

ஸ்கிஸோஃப்ரினியாவைத் தமிழில் மனச்சிதைவு என்று சொல்கிறோம். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. சிதைந்தது என்றால், இனி ஒட்டாது என்று அர்த்தமாகிவிடுகிறது. 1908-இல் ஸூரிக் நகரத்து டாக்டர் பிளாய்லர் கிரேக்க மொழியிலிருந்து கோத்த பெயர் அது. பிளவுபட்ட மனம் என்று பொருள். ஜப்பானியர்கள் 2002-இல் தங்கள் மொழியில் இந்த நோயின் பெயரையே மாற்றிவிட்டார்கள். பழைய பெயரைச் சொல்லி நோயாளியிடம் பேச டாக்டர்களுக்கே நா எழவில்லையாம். நம்முடைய புலவர்கள் கொஞ்சம் முயற்சி செய்தால் நல்லது.

சென்னையின் டாக்டர்கள் இந்த நோயைப் பற்றி உலகத்துக்குச் சொன்ன சேதி ஒன்று உண்டு. 1980-களின் தொடக்கத்தில், முதன்முறையாக நோய் கண்ட 90 பேரைக் குறித்து வைத்துக்கொண்டு, பத்து வருஷம், இருபது வருஷம் என்று விடாமல் பின்தொடர்ந்து பார்த்தார்கள். மேல்நாட்டுப் பாடப் புத்தகம் இது நாளுக்கு நாள் சீர்கெட்டுப்போகிற நோய் என்று பயமுறுத்திற்று. இங்கேயோ, கணிசமானவர்கள் தேறினார்கள், வேலைக்குப் போனார்கள், கல்யாணம் செய்துகொண்டு பிள்ளை குட்டி பெற்றார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஆராய்ச்சியிலும் ஏறக்குறைய இதே மாதிரி, ஏழை நாடுகளில் நோயாளிகள் நன்றாகத் தேறுகிறார்கள் என்று வந்தது. அதற்குக் காரணம் நமது கூட்டுக் குடும்பம்தான் என்று சிலர் சொன்னார்கள். நமக்கும் உச்சி குளிர்ந்தது.

கூட்டுக் குடும்பத்தின் பெருமையை நானும் எழுதியிருக்கிறேன். அந்தப் புத்தகங்கள் நன்றாக விற்கவும் செய்தன. ஆனால், அதே நிறுவனத்தார் இன்னொரு வேலையும் செய்தார்கள். நோய் கண்டபின் கணவன் கைவிட்ட பெண்களைத் தேடிப் பிடித்து உட்கார வைத்துப் பேசினார்கள். 2003-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. அந்தப் பெண்களில் பெரும்பாலோர் வயதான தாய் தகப்பனின் நிழலில் இருந்தார்கள். 'எங்களுக்குப் பிறகு இவளுக்கு யார்?' என்பதே அந்தக் கிழவர்களின் ஒரே கேள்வி. நோய் வந்தவள் என்ற அவமானத்தைக் காட்டிலும், வாழாவெட்டி என்ற அவமானம் அவர்களைக் கூடுதலாகக் குத்திற்று. 1955-ஆம் வருஷத்து இந்து விவாகச் சட்டம், சித்த சுவாதீனம் இல்லாமையை விவாகரத்துக்கு ஒரு காரணமாக ஒப்புக்கொள்கிறது. எத்தனையோ புருஷர்கள் அந்தச் சட்டத்துக்குக்கூடச் சிரமம் கொடுப்பதில்லை. என் மாமா செய்ததுபோல, தீபாவளிக்குக் கொண்டுவந்து விட்டால் போதும். புருஷனுக்கு நோய் வந்தால் அவனை வைத்துக் காப்பாற்றுவதும் கூட்டுக் குடும்பம்தான். மனைவிக்கு வந்தால் பஸ் ஏற்றிவிடுவதும் அதே கூட்டுக் குடும்பம்தான். இதை ஓர் ஆராய்ச்சி நிலையம் புள்ளிவிவரத்தோடு எழுதி வைத்தபோது, நாவலாசிரியர்களாகிய நாங்கள் செய்யத் தவறியதை அவர்கள் செய்துவிட்டார்கள் என்று நான் வெட்கப்பட்டேன்.

சாரதா மேனனும் அவருடைய கூட்டத்தாரும் மருந்துச் சீட்டோடு நிறுத்திக்கொள்ளவில்லை. கை கால் இழந்தவருக்கும் கண் இழந்தவருக்கும் சர்க்கார் செய்கிற உதவி மனநோயால் முடங்கியவருக்கும் வேண்டும் என்று வாதாடினார்கள். பூந்தமல்லியில் பார்வையற்றோர் பள்ளி வெகு காலமாக இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் கோல் ஊன்றி நடந்து வந்தால் எந்த பஸ்ஸிலும் இடம் தருவார்கள். மனசு முடங்கியவனுக்குக் கையில் கோல் கிடையாது. அவனைப் பார்த்தால், "கல்லு மாதிரி இருக்கிறான், வேலைக்குப் போனால் என்ன?" என்று கேட்பார்கள். 1995-ஆம் வருஷத்துச் சட்டம் ஊனங்களின் பட்டியலில் மனநோயையும் சேர்த்தது. ஒரு வரி, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வரி இல்லாவிட்டால் சான்றிதழ் இல்லை, சலுகை இல்லை, கேட்கிற உரிமையும் இல்லை.

அந்தப் பக்கத்தில், முகப்பேரில், இன்னொரு வீடும் இருக்கிறது. 1993-இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார் என்ற இரண்டு இளம் பெண்கள், தெருவில் சித்தம் கலங்கிக் கிடந்த ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஒவ்வோர் இடமாக அலைந்து, யாரும் வாங்கிக்கொள்ளாததால், தாங்களே தொடங்கியது 'பானியன்' என்ற ஸ்தாபனம். நம் ஆலமரம்தான். முகப்பேரில் உள்ள அதன் வீட்டுக்கு 'அடைக்கலம்' என்று பெயர். வீடற்ற பெண்கள் அங்கே தேறி, எங்கெங்கோ வடக்கே பெயர் தெரியாத கிராமங்களில் இருக்கிற தங்கள் வீடுகளை நினைவுபடுத்திச் சொல்ல, பணியாளர்கள் அவர்கள் பேச்சை நம்பி ரயிலேறிப் போய்த் தேடிக் கண்டுபிடித்து, ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை ஊர் சேர்த்திருக்கிறார்கள். வீடு ஏற்றுக்கொள்ளாதவர்கள்? 2015 முதல், நாலைந்து பேராகச் சேர்த்து, சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீட்டில் குடிவைக்கிறார்கள். அப்படி ஒரு குடித்தனத்தின் வாசலில் பெரிய புள்ளிக் கோலம் போட்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். எதிர்வீட்டு அம்மாள் வந்து புள்ளி எண்ணிக்கொண்டிருந்தாள்.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்த அதே நாட்டில்தான் 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி விடிகாலையில் ஏர்வாடி எரிந்தது. ஓலைக் கொட்டகையில் சங்கிலியால் கட்டியிருந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டார்கள். தீ வந்தபோது ஓட முடியவில்லை. அவர்களைக் கொண்டுபோய் அங்கே விட்டவர்கள் யார்? நம்மைப்போன்ற குடும்பத்தார். அவர்களிலும் எத்தனை பேர் என் அப்பாவைப்போலத் தங்கைகளின் கல்யாணத்தை நினைத்துக்கொண்டு போனார்களோ! சுப்ரீம் கோர்ட்டு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. 1912-ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாக 1987-இல் ஒரு சட்டம் இயற்றி, அதை 1993-இல்தான் அமலுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அதற்கும் பதிலாக 2017-இல் புதிய சட்டம் வந்து, 2018-இல் அமலாயிற்று. சங்கிலி போடுவதை அது திட்டவட்டமாகத் தடை செய்கிறது. குடும்பம் ஏற்றுக்கொள்ளவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கக் கூடாது, ஊருக்குள் மற்றவர்களைப்போல் வாழ அவருக்கு உரிமை உண்டு என்றும் சொல்கிறது. சட்டப் புத்தகத்தை நான் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன்.

சாரதா மேனனுக்கு 1992-இல் பத்மபூஷண் கொடுத்தார்கள். தொண்ணூறு வயதைத் தாண்டியும் நோயாளிகளைப் பார்த்துவந்தார். 2021 டிசம்பர் 5-ஆம் தேதி, தொண்ணூற்றெட்டாவது வயதில் காலமானார். மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. நெற்றியில் பொட்டும் வெள்ளைத் தலையுமாக, நம் வீட்டுப் பாட்டி மாதிரிதான் இருந்தார்.

என் அத்தை இதையெல்லாம் பார்க்க இருக்கவில்லை. 1994-இல் எங்கள் வீட்டிலேயே போனாள். திரும்பி வந்த பிறகு இருபத்துநாலு வருஷம் இருந்தாள். தினம் ராத்திரி ஒரு மாத்திரை. மற்றபடி, ஊரில் உள்ள மற்ற அத்தைகளுக்கும் அவளுக்கும் வித்தியாசம் கிடையாது. தாலியைக் கழற்றவில்லை. பூந்தமல்லிப் பேச்சை எடுக்கவில்லை. என் தங்கைகளுக்குத் தலை பின்னிவிட்டாள். என் பிள்ளைகளுக்குக் கடலை உருண்டை பிடித்துக் கொடுத்தாள். அப்பாவிடம் ஒரு நாளும் அந்த விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவளுக்கு அது தெரியாது என்றே நான் வெகு காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளில் ஒரு சமயம், ரேஷன் கார்டு புதுப்பிக்கிற படிவம் வந்தது. வழக்கம்போல் என்னிடம்தான் வந்து சேர்ந்தது. கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொருவர் பெயராக எழுதிக்கொண்டுவந்தேன். அத்தை எதிரில் முறத்தை வைத்துக்கொண்டு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் பெயரையும் வயதையும் எழுதிவிட்டு, விலாசம் என்ற கட்டத்துக்கு வந்தேன். முறத்தின் சத்தம் நின்றது.

"அம்பத்தூர்னு எழுதுப்பா" என்றாள். "பாடின்னு எழுதிடாதே."

நான் தலையைத் தூக்கவில்லை. மறுபடியும் முறம் சத்தம் போடத் தொடங்கியது.